தேர்தல் வந்தால் பெட்ரோல் விலை ஏன் அசையாமல் நிற்கிறது?

"தேர்தல் நெருங்கினால் பெட்ரோல் விலை அசையாமல் நிற்கிறது, வாக்கு எண்ணி முடித்த மறுவாரமே ஏறத் தொடங்குகிறது. இது தற்செயலா, அரசியலா? விலையை எண்ணெய் நிறுவனங்கள்தான் தீர்மானிக்கின்றன என்று அரசு சொல்வதை நம்பலாமா?" இதுதான் கேள்வி. விழுப்புரம் பக்கம் உறவினர் ஒருவரின் பெட்ரோல் பங்கில் சில ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்பதாலும், விலை மாறும் நாள்களை அப்போதிருந்தே குறித்து வரும் பழக்கம் இருப்பதாலும், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இந்தியாவில் விலை எந்த நாளில் ஏறும், எந்த நாளில் ஏறாது என்பதைத் தேர்தல் பெருமளவு மாற்றுகிறது. ஆனால் நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், நாம் கொடுக்கும் மொத்தத் தொகையைத் தீர்மானிப்பவை கச்சா எண்ணெயின் விலை, ரூபாய்க்கு எதிரான டாலரின் மதிப்பு, வரி ஆகிய மூன்றும்தான். இவற்றுள் முதல் இரண்டும் டெல்லியின் கையிலும் சென்னையின் கையிலும் இல்லை. மூன்றாவது முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே அரசியலின் பங்கைத் தேடுபவர் தேர்தல் மாதத்தை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்ப்பார். தேர்தலே இல்லாத மாதங்களில் நடப்பது இன்னும் பெரியது.

முதலில் ஒரு பழைய கணக்கு. பெட்ரோல் விலையின் மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூன் மாதமே நீக்கப்பட்டுவிட்டது. அதன்பின் நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி விலையை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏட்டில் உள்ள நிலை. 2011 ஜனவரி நடுவில் ஒருமுறை விலை உயர்ந்தது. அதன் பிறகு அரபு நாடுகளில் கிளர்ச்சி வெடித்து, கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலரைத் தாண்டிய போதும் நான்கு மாதங்கள் இங்கே பெட்ரோல் விலை நகரவில்லை. அந்த நான்கு மாதங்களில்தான் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரி ஆகியவற்றில் தேர்தல் நடந்தது. மே 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாக்குகள் எண்ணப்பட்டன. மறுநாள் சனிக்கிழமை நள்ளிரவு முதல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏற்றினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பின் அதுவரை ஒரே தடவையில் அவ்வளவு ஏறியதில்லை. அப்போது மத்தியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. இந்தப் பழக்கம் ஒரே கட்சிக்குச் சொந்தமானது என்று பேசுபவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை ஒன்றே போதும்.

கட்டுப்பாடு நீங்கியும் இது எப்படி நடக்கிறது என்பதற்கு விடை, விலையைச் சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது. நாட்டிலுள்ள பெட்ரோல் பங்குகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுடையவை. அவற்றின் பெரும்பங்கு உரிமையாளர் நேராகவோ மற்றொரு பொதுத்துறை நிறுவனத்தின் வழியாகவோ மத்திய அரசுதான். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் முறை வந்தது. அதற்கு முன்பு மாதத்தில் இருமுறை, ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் மாறும். தினசரி முறையின் நோக்கமே, காசுக்கணக்கில் ஏறி இறங்கினால் அது செய்தியாகாது, அரசியலாகாது என்பதுதான். பத்து காசு, பன்னிரண்டு காசு என்று ஏறுவதை யாரும் கவனிப்பதில்லை என்பது உண்மையும்கூட. ஆனால் தினமும் மாறவேண்டிய விலை பத்தொன்பது நாள்கள் மாறவில்லை என்றால், அது பழைய முறையைவிடப் பளிச்சென்று கண்ணில் படும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை போலும்.

2018இல் அப்படித்தான் ஆனது. ஏப்ரல் 24ஆம் தேதி டெல்லியில் 74 ரூபாய் 63 காசில் நின்ற பெட்ரோல் விலை, கர்நாடகத்தில் மே 12ஆம் தேதி வாக்குப்பதிவு முடியும் வரை ஒரு காசுகூட அசையவில்லை. மே 14 காலை, அதாவது வாக்கு எண்ணிக்கைக்கும் ஒரு நாள் முன்பாகவே, ஏறத் தொடங்கியது. மாத இறுதிக்குள் 78 ரூபாய் 43 காசைத் தொட்டுவிட்டது. 2021இல் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் தேர்தல் நடந்தபோதும் இதே கதைதான். பிப்ரவரி 27க்குப் பிறகு ஏற்றமே இல்லை. இடையில் நான்கு முறை சிறு குறைப்புகள்கூட வந்தன, டெல்லிக் கணக்கில் மொத்தம் 77 காசு. மே 2ஆம் தேதி முடிவுகள் வந்தன. மே 4ஆம் தேதி ஏற்றம் மீண்டது. ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைக் கடந்தது.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரையிலான காலம். அதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அரசியல் விலையைத் தொடும் எல்லா வழிகளும் அந்த ஐந்து மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின.

2021 நவம்பர் 2ஆம் தேதி பல மாநிலங்களின் இடைத்தேர்தல் முடிவுகள் வந்தன. இமாச்சலப் பிரதேசத்தில் ஆளும் பாரதிய ஜனதா ஒரு மக்களவைத் தொகுதியிலும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளிலும் தோற்றது. தோல்விக்கு விலைவாசியும் ஒரு காரணம் என்று அந்த மாநில முதல்வர் ஜெய்ராம் தாக்கூரே ஒப்புக்கொண்டார். மறுநாள் மாலை, தீபாவளிக்கு முந்தைய இரவு, பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரியில் ஐந்து ரூபாயும் டீசல் மீதானதில் பத்து ரூபாயும் குறைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. சென்னையில் 106 ரூபாய் 66 காசாக இருந்த பெட்ரோல் விடியும்போது 101 ரூபாய் 40 காசு.

வண்டியோட்டிகளுக்கு அது தீபாவளிப் பரிசு. பங்கு நடத்துபவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பது வெளியே அதிகம் தெரியாது. டீலர் முன்பணம் கட்டித்தான் லோடு எடுக்கிறார்; பழைய வரி சேர்ந்த விலையில் வாங்கிய சரக்கு நிலத்தடித் தொட்டியில் கிடக்கிறது. பண்டிகை விடுமுறை என்பதால் எல்லாரும் தொட்டியை நிரப்பி வைத்திருந்த நேரம் அது. இரவு விற்பனையை நிறுத்திவிட்டுத் தொட்டியில் அளவுகோலை இறக்கி, ஈரம் பட்ட இடத்தில் விரலை வைத்து அளவு படிக்கும் அந்த நிமிடத்தில், ஒவ்வொரு சென்டிமீட்டரும் நட்டமாகத் தெரியும். பெட்ரோல் பன்னிரண்டாயிரம் லிட்டரும் டீசல் பதினைந்தாயிரம் லிட்டரும் இருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் போய்விடும். விலை ஏறும் நாளில் இதே தொட்டி லாபம் தருமே என்று கேட்கலாம். தரும், ஆனால் ஏற்றம் எண்பது காசு எண்பது காசாக வருகிறது, அரசியல் குறைப்போ ஒரே இரவில் பத்து ரூபாயாக வருகிறது.

அந்தக் குறைப்புக்குப் பின் 137 நாள்கள் விலை மாறவில்லை. பிப்ரவரி 10 முதல் மார்ச் 7 வரை உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் வாக்குப்பதிவு நடந்தது. நடுவில் பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. மார்ச் 7ஆம் தேதி, உலகச் சந்தையின் அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் வர்த்தகத்தின் நடுவே 139 டாலர் வரை போனது. இங்கே பங்கில் எழுதியிருந்த விலை அதே 101 ரூபாய் 40 காசு. தேர்தல் முடிந்ததும் விலை ஏறும் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருந்ததால், மார்ச் முதல் பாதியில் நாடெங்கும் விற்பனை எகிறியது. விவசாயிகள் கேன்களோடும் லாரிக்காரர்கள் காலித் தொட்டிகளோடும் வந்து நின்றார்கள். அமைச்சர்கள் என்ன சொன்னாலும், மக்கள் ஒரு விலை ஏற்றத்தை இரண்டு வாரம் முன்பே அறிந்து வரிசையில் நிற்கிறார்கள் என்றால், அந்த விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்பேன்.

மார்ச் 22ஆம் தேதி சென்னையில் 76 காசு ஏறியது. அங்கிருந்து பதினாறு நாள்களில் பதினான்கு முறை ஏற்றம். ஏப்ரல் 6ஆம் தேதி பெட்ரோல் 110 ரூபாய் 85 காசில் நின்றது. இது போதாமல், ஆலைகளும் போக்குவரத்துக் கழகங்களும் மொத்தமாக வாங்கும் டீசலுக்கு லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய் ஒரேயடியாக ஏற்றப்பட்டது. சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் இப்படிப் பிளவு விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் 2013 ஜனவரியிலேயே பார்த்துவிட்டோம்: அப்போது தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் பணிமனைத் தொட்டியை விட்டுவிட்டு ஊர் பங்குகளில் வரிசையில் நின்று டீசல் பிடித்தன.

இனி, விலையை நிறுத்தி வைத்த நாள்களின் பாக்கியை யார் கட்டினார்கள் என்ற கேள்வி. அதுதான் இதில் உண்மையான அரசியல். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 18,480 கோடி ரூபாய் நட்டம் காட்டின. அதற்குப் பின் கச்சா எண்ணெய் இறங்கியது, ஆனால் சில்லறை விலையை இறக்கவில்லை. 2023-24 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் 80,000 கோடியைத் தாண்டியது. அதாவது, விலை நின்ற காலத்தில் நாம் கொடுக்காமல் விட்டதை அடுத்த ஈராண்டில் வட்டியும் முதலுமாகக் கொடுத்தோம். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் இந்தப் பாக்கி வேறு வழியில் போனது: விலையை அடக்கி வைத்த நட்டத்துக்குப் பணத்துக்குப் பதிலாக அரசு எண்ணெய்ப் பத்திரங்களைக் கொடுத்தது, அந்தக் கடனைப் பின்னால் வந்த அரசுகள் அடைத்தன. தனியார் பங்குகளுக்கோ பத்திரமும் இல்லை, நட்டத்தைத் தாங்கும் உரிமையாளரும் இல்லை. 2008இல் ரிலையன்ஸ் தன் 1,400க்கும் மேற்பட்ட பங்குகளை இழுத்து மூடியதற்குக் காரணம் இதுதான். அடக்கப்பட்ட விலைக்கு விற்பவரோடு அடக்கப்படாத விலைக்கு வாங்குபவர் போட்டியிட முடியாது.

வரிக்கு வருகிறேன். 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் சரிந்துகொண்டே இருந்தபோது, மத்தியக் கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டு பெட்ரோலுக்கு 21 ரூபாய் 48 காசு ஆனது. இடையில் ஏறி இறங்கி 19 ரூபாய் 98 காசுக்கு வந்திருந்ததை, 2020 மார்ச் நடுவில் மூன்று ரூபாய், மே முதல் வாரத்தில் பத்து ரூபாய் என்று கூட்டி 32 ரூபாய் 98 காசாக்கினார்கள். ஊரடங்கு, சாலையில் வண்டியே இல்லை, உலகச் சந்தையில் பிரென்ட் இருபது டாலருக்கும் கீழே போய் வந்திருந்த சமயம். அந்த வரி உயர்வால் பங்கில் விலை ஏறவில்லை, ஆகவே கோபமும் எழவில்லை. இறங்க வேண்டியது இறங்காமல் போனதற்கு யாரும் ஊர்வலம் போவதில்லை. ஆனால் பிறகு ஐந்து ரூபாய், எட்டு ரூபாய் என்று "குறைக்க" முடிந்தது அப்போது சேர்த்து வைத்ததிலிருந்துதான். 2021 தொடக்கத்தில் 32 ரூபாய் 90 காசாகியிருந்த அந்த வரியில், 2021 நவம்பரில் ஐந்தும் 2022 மே மாதம் எட்டும் குறைத்து 19 ரூபாய் 90 காசுக்கு வந்தபோது, கொரோனாவுக்கு முந்தைய அளவுக்குத்தான் திரும்பியிருந்தோம்.

இதில் ஒரு நுணுக்கம் மாநில அரசியலையும் உள்ளே இழுக்கிறது. 2021 தொடக்கத்தில் லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசாக இருந்த மத்திய வரியில், மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் ஒரு ரூபாய் நாற்பது காசு. மீதியெல்லாம் கூடுதல் தீர்வை, சாலைக்கான வரி, வேளாண் கட்டமைப்புக்கான வரி என்று பங்கு பிரிக்கத் தேவையில்லாத பெயர்களில் இருந்தது. எனவே 2022 ஏப்ரல் 27ஆம் தேதி முதல்வர்களுடனான கூட்டத்தில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்கள் தங்கள் வரியைக் குறைக்கவில்லை என்று பிரதமர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டபோது, நீங்கள் குறைப்பதற்கு முன்பே நாங்கள் குறைத்துவிட்டோம் என்று தமிழ்நாடு பதில் சொன்னதில் நியாயம் இருந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு நான்கு ரூபாயும் குறைப்பதாகத் தி.மு.க. சொல்லியிருந்தது, ஆகஸ்ட் 13ஆம் தேதி திருத்திய நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் கணக்குச் சொன்னார். வாக்குறுதியின் மீதி இரண்டு ரூபாயும் டீசல் பகுதியும் அந்த அறிவிப்பில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டின் விற்பனை வரியான வாட் அதன்பின் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். 2024 மார்ச்சில் சென்னை விலை 100 ரூபாய் 75 காசாக இருந்தபோது, மத்திய, மாநில வரிகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 42 ரூபாய் என்பது என் கணக்கு. பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரும் பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய மன்றத்தின் முன் வந்தபோது அதை ஒத்திவைப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த 42 ரூபாயில் கை வைக்க எந்த அரசுக்கும் மனம் வராது.

அந்த 2024 மார்ச் விலையும் ஒரு தேர்தல் விலைதான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நிறுவனங்கள் தாமாக மாற்றாத விலையில், மார்ச் 14ஆம் தேதி இரவு இரண்டு ரூபாய் குறைப்பு அறிவிக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் தேதிகள் மார்ச் 16ஆம் தேதி வெளியாயின. அன்றே நடத்தை விதிகளும் அமலுக்கு வந்தன.

எல்லாவற்றையும் தேர்தல் கண்ணாடி போட்டுப் பார்ப்பதும் தவறு. 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் 6 வரை 82 நாள்கள் நிறுவனங்கள் விலையை மாற்றவில்லை. அப்போது தேர்தல் எதுவும் இல்லை, வரி உயர்வை விழுங்கவே நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு பிகார் தேர்தலை ஒட்டி 58 நாள்கள் பெட்ரோல் நின்றதைப் பலர் சுட்டிக்காட்டுவார்கள். அந்த நாள்களில் கச்சா எண்ணெயே நாற்பது டாலரை ஒட்டித்தான் கிடந்தது. விலை பெரிதாக மாற வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2018 இறுதியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் தேர்தல்களின்போது விலை இறங்கியதும் அப்படியே: அக்டோபர்த் தொடக்கத்தில் 86 டாலராக இருந்த பிரென்ட் டிசம்பர் இறுதியில் ஐம்பதை நெருங்கியிருந்தது. கச்சா எண்ணெய் ஏறும்போது இங்கே விலை நிற்கிறதா என்று பாருங்கள். அது மட்டுமே தேர்தலின் கைவண்ணம்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் நம் நிலை இன்னும் தெளிவாகும். அங்கே சில்லறை விலையைச் சொல்லும் அரசு நிறுவனம் கிடையாது; மத்திய அரசின் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட், அது 1993 முதல் மாறவில்லை. 2022 ஜூனில் தேசிய சராசரி ஐந்து டாலரைத் தாண்டியபோது அதிபர் பைடனால் விலைப் பலகையைத் தொட முடியவில்லை. அவர் கையில் இருந்தது அவசரகால எண்ணெய்க் கையிருப்பு மட்டுமே. மார்ச் இறுதியில் அதிலிருந்து 18 கோடி பீப்பாய்களை விடுவிக்க உத்தரவிட்டிருந்தார். நவம்பர் 8ஆம் தேதி இடைக்காலத் தேர்தல் வரவிருந்த நிலையில், அக்டோபர் 5ஆம் தேதி எண்ணெய் உற்பத்தி நாடுகளின் ஒபெக் கூட்டணி உற்பத்தியை நாளொன்றுக்கு இருபது லட்சம் பீப்பாய் குறைப்பதாக அறிவித்தது. அந்த முடிவை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி அமெரிக்கா தங்களைக் கேட்டது என்று சவூதி அரேபியா வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. அங்கே விலை தேர்தலை ஆட்டுகிறது, அதிபர் அதன் பின்னால் ஓடுகிறார். இங்கே தேர்தல் முடியும் வரை விலையைக் கதவுக்கு வெளியே உட்கார வைக்க முடிகிறது.

வாக்குப்பதிவுக்கு முன் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்வது லாபமா என்றும் சிலர் கேட்பதுண்டு. இருசக்கர வண்டிக்காரருக்கு அது வீண் அலைச்சல். 2022 மார்ச் 21ஆம் தேதி இரவு ஐந்து லிட்டர் போட்டவர் மறுநாள் விலைக்கு மிச்சம் பிடித்தது மூன்று ரூபாய் எண்பது காசு. லாரிக்காரர் கணக்கு வேறு. சென்னையில் 91 ரூபாய் 43 காசாக இருந்த டீசல் பதினாறு நாளில் 100 ரூபாய் 94 காசு ஆனது. முந்நூறு லிட்டர் போடும் வண்டிக்கு ஒவ்வொரு நிரப்புக்கும் 2,853 ரூபாய் கூடுதல். பிப்ரவரியில் பழைய டீசல் விலையை வைத்து வாடகை பேசி, ஏப்ரல் வரை அதே வாடகைக்குச் சரக்கு இறக்க ஒப்புக்கொண்டவர்கள் அந்தத் தொகையைத் தங்கள் பையிலிருந்துதான் போட்டார்கள்.